பார்ட்னர் சொதப்பிய ராத்திரி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு யார்கூட சேர்றதுங்கிறது, வீட்டுல பொண்ணு பார்க்கிற படலத்தைவிடப் பெரிய டென்ஷன். டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல பேர் ஒட்டுற வரைக்கும் கேண்டீன்ல ரகசியப் பேச்சுவார்த்தை நடக்கும். ஏன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மார்க். நீங்க ராத்திரி பூரா கண் முழிச்சு புரோகிராம் அடிச்சிருப்பீங்க. வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் கேட்கிற முதல் கேள்விக்கே உங்க பார்ட்னர் சீலிங் ஃபேனைப் பார்ப்பான். போச்சு! வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடிப்பீங்களா, டீ வாங்கிக் கொடுப்பீங்களா?

அவசரப்பட்டு பதில் சொல்லாதீங்க மக்களே. இதே நிலைமையில, உலகமே பார்த்துட்டிருக்க, ஒரு பெண் நின்ன கதையைச் சொல்றேன். அவங்களுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். வயசு 34. பதினாறு வருஷமா தேடின தங்கம் பார்ட்னர் பண்ணின ஒரே ஒரு தப்பால கை நழுவிப் போயிட்டிருந்தது.

பேர், அல்யோனா சவ்சென்கோ. ஃபிகர் ஸ்கேட்டிங்ல 'பேர்ஸ்'னு ஒரு பிரிவு. ஒரு ஆண், ஒரு பெண், ஜோடியா ஐஸ் மேல ஆடணும். டி.வி.யில சேனல் மாத்தும்போது பார்த்திருப்பீங்க. மியூசிக், மின்னுற டிரெஸ், சிரிச்ச முகம்... 'அட, டான்ஸ்தானே'ன்னு அடுத்த சேனலுக்குப் போயிருப்பீங்க. நானும் அப்படித்தான் போயிட்டிருந்தேன். ஒருநாள் ரிமோட்ல பேட்டரி தீர்ந்ததால முழுசாப் பார்த்தேன். மிரண்டுட்டேன்.

அந்தப் பெண்ணை அவர் தலைக்கு மேல ஒரே கையில தூக்கிட்டு, கத்தி மாதிரி இருக்கிற ரெண்டு பிளேடு மேல சுத்திக்கிட்டே போறார். அடுத்து 'ட்விஸ்ட்'. பெண்ணை செங்குத்தா மேலே எறியணும், அவங்க அந்தரத்துல பம்பரமா மூணு சுத்து சுத்தி, கீழே இறங்கும்போது இவர் இடுப்பைப் பிடிச்சு நிறுத்தணும். அதுக்கப்புறம் 'த்ரோ'. இதுல பிடிக்கிற வேலையே கிடையாது. வீசி எறிஞ்சிடுவார். அவங்க காத்துல மூணு சுத்து சுத்திட்டு, சில அடி தூரம் தள்ளி, பின்பக்கமா ஒத்தைக் கால்ல தானாவே இறங்கணும். கீழே பஞ்சு மெத்தை இல்லை பாஸ், ஐஸ்! தலையில ஹெல்மெட்டும் கிடையாது. 'டெத் ஸ்பைரல்'னு இன்னொண்ணு. அவர் நடுவுல நின்னு அவங்க கையைப் பிடிச்சுக்க, அவங்க தலை ஐஸை உரசுற மாதிரி படுத்த வாக்குல வட்டம் போடுவாங்க. பேர்லயே மரணம் இருக்கு பாருங்க.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. தூக்குறவர் தப்பு பண்ணினா விழப்போறது பெரும்பாலும் தூக்கப்படுறவங்க. ஆனா மார்க் போர்டுல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்.

அல்யோனா பிறந்தது 1984 ஜனவரியில, உக்ரைன்ல கீவ் பக்கத்துல இருக்கிற ஒபுகிவ் ஊர்ல. மூணு வயசுலயே கால்ல ஸ்கேட்டிங் ஷூ ஏறிடுச்சு. உள்ளூர்ல வசதி இல்லாததால பயிற்சிக்குக் கீவ் வரைக்கும் போகணும். ஸ்டானிஸ்லாவ் மொரோசோவ்ங்கிற பையனோட ஜோடி சேர்ந்து, 2000-ல உலக ஜூனியர் சாம்பியன். ரெண்டே வருஷத்துல முதல் ஒலிம்பிக். அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி, 2002. பொண்ணுக்கு வயசு 18. கிடைச்ச இடம் பதினஞ்சு.

அந்தப் போட்டியை ஸ்கேட்டிங் உலகம் வேற ஒரு காரணத்துக்காக மறக்காது. ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கொடுத்தாங்க. அரங்கமே கனடா ஜோடிக்குத்தான் தங்கம்னு கத்துச்சு. பிரான்ஸ் நாட்டு ஜட்ஜ் தனக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டதுன்னு சொல்ல, ஊர் சிரிச்சு, கடைசியில ரெண்டு ஜோடிக்குமே தங்கம்! அந்தக் கலாட்டாவுலதான் '6-க்கு 6' போடுற பழைய மார்க் முறையே மூட்டை கட்டப்பட்டது. ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனியா புள்ளி போட்டுக் கூட்டுற புது முறை வந்தது. பதினஞ்சாவது இடத்துல நின்ன பொண்ணை அன்னிக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா அந்தப் புது முறையில தசமப் புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் அவங்க தலையெழுத்தை எழுதப் போகுது. அதைப் பின்னால பார்ப்போம்.

ஒலிம்பிக் முடிஞ்சது, ஜோடி உடைஞ்சது. தனி ஆளா ஆடுறவங்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. பேர்ஸ்ல பார்ட்னர் போயிட்டா பூஜ்யம்தான். எவ்வளவு திறமை இருந்தாலும் வீட்டுல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அல்யோனா உட்காரலை. 2003-ல 19 வயசுல ஜெர்மனிக்குக் கிளம்பினார். கிழக்கு ஜெர்மனியா இருந்த பகுதியில கெம்னிட்ஸ்னு ஒரு நகரம். அங்கே இங்கோ ஷ்டாயர்ங்கிற கோச். அவர்கிட்ட பார்ட்னர் இல்லாம ஒருத்தர் இருந்தார். ராபின் ஷோல்கோவி. தான்சானியா அப்பாவுக்கும் ஜெர்மன் அம்மாவுக்கும் பிறந்தவர். இவங்களுக்கு ஜெர்மன் அரைகுறை. அவர் அமைதியான டைப், இவங்க வெடிக்கிற டைப். எப்படி செட் ஆகும்?

ஆச்சே! 2005 டிசம்பர் கடைசியில அல்யோனாவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைச்சது. ஆறே வாரத்துல டூரின் ஒலிம்பிக். அங்கேயும் ஒரு இடி. கோச் ஷ்டாயர் ஒரு காலத்துல கிழக்கு ஜெர்மனியின் ரகசிய போலீசுக்குத் தகவல் கொடுத்தவர்ங்கிற விவகாரம் வெடிச்சு, அவரை டீம்ல இருந்து கழட்டிவிடப் பார்த்தாங்க. அவர் கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கிட்டு வந்து சேர்ந்தார். இத்தனை ரகளைக்கு நடுவுல ஆறாவது இடம்.

அப்புறம் ஆரம்பிச்சது அடைமழை. 2008, 2009, 2011, 2012, 2014... ஐந்து தடவை உலக சாம்பியன். பிங்க் பாந்தர் கார்ட்டூன் மாதிரி பிங்க் டிரெஸ் போட்டு ஆடுவாங்க. நடனக் கலைஞர் பினா பௌஷை நினைச்சு உருக்கமாவும் ஆடுவாங்க. 2012-ல பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரத்துல ஜெயிச்ச வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 201.49-க்கு 201.38. வெறும் 0.11!

எல்லாம் இருந்தது, ஒண்ணைத் தவிர. 2010 வான்கூவர்ல வெண்கலம். சீன ஜோடிகள் ரெண்டும் முந்திடுச்சு. 2014 சோச்சியில விட்டதைப் பிடிச்சே தீருவேன்னு ஒரு ஆபத்தான முடிவு எடுத்தாங்க. ஆட்டத்தோட கடைசியில, உடம்புல தெம்பே இல்லாத நேரத்துல, த்ரோ ட்ரிபிள் ஆக்ஸெல். மூணரை சுத்து! த்ரோவுலயே ரொம்பக் கஷ்டமானதுல அதுவும் ஒண்ணு. விழுந்தாங்க. ராபினும் அதே ஆட்டத்துல ஒரு ஜம்ப்ல விழுந்திருந்தார். மறுபடி வெண்கலம்.

அன்னிக்குத் தங்கம் வாங்கினது யார்ங்கிறது நம்ம மெகா சீரியல் டைரக்டருக்கே தோணாத திருப்பம். ரஷ்யாவுக்காக ஆடின டாட்டியானா வோலோசோஷார். அவரும் உக்ரைன் பொண்ணுதான். அல்யோனாவின் பழைய பார்ட்னர் மொரோசோவ் அடுத்து ஜோடி சேர்ந்தது இந்த டாட்டியானாகூடத்தான். ரெண்டு பேரும் கெம்னிட்ஸுக்கு வந்து அதே ஷ்டாயர்கிட்ட கொஞ்ச காலம் பயிற்சியும் எடுத்தாங்க. அப்புறம் டாட்டியானா ரஷ்யாவுக்குப் போய் வேற பார்ட்னரோட தங்கமும் அடிச்சார். உட்கார்ந்து யோசிச்சா தலை சுத்தும், விட்டுடுவோம்.

சோச்சிக்கு அடுத்த மாசம் ஐந்தாவது உலகப் பட்டத்தை வாங்கிட்டு, ராபின் 'போதும்'னுட்டார். நியாயம்தான். அவருக்கு 34 வயசு. அல்யோனாவுக்கு 30. நாலு ஒலிம்பிக், ரெண்டு வெண்கலம், அஞ்சு உலகப் பட்டம். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு அகாடமி ஆரம்பிச்சு போர்டு மாட்டியிருக்கலாம்.

அல்யோனா புது பார்ட்னர் தேடினார்.

புரூனோ மாசோ. பிரான்ஸ்காரர். ஆறடிக்கு மேல உயரம். அல்யோனாவைவிட அஞ்சு வயசு சின்னவர். பெரிய போட்டியில சொல்லிக்கிற மாதிரி பதக்கம் எதுவும் கிடையாது. அஞ்சு தடவை உலக சாம்பியனான சீனியர் அக்கா, 'என்கூட ஆடறியா தம்பி?'ன்னு கேட்ட மாதிரி. பயமா இருக்காதா? அதோட பிரான்ஸ் ஸ்கேட்டிங் சங்கம் அவரை விடமாட்டேன்னு அடம் பிடிச்சது. பிரான்ஸுக்கும் ஆட முடியாது, ஜெர்மனிக்கும் ஆட முடியாது. 2014-15 சீசன் முழுக்க ஒரு சர்வதேசப் போட்டிகூட இல்லாம வெறும் பயிற்சி. முப்பது வயசு தாண்டின ஒரு ஸ்கேட்டருக்கு ஒரு சீசன்ங்கிறது சாதாரண விஷயமில்லை. கடைசியில 2015 இலையுதிர் காலத்துலதான் விடுதலை. அதுக்காக 30,000 யூரோ அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததுன்னு பத்திரிகைகள் எழுதின. கிரிக்கெட்ல வீரரை விலைக்கு வாங்குறதைப் பார்த்திருக்கோம். இது ஒரு மாதிரி ஜாமீன் தொகை.

கதை இன்னும் முடியலை. ஒலிம்பிக்ல ஒரு நாட்டுக்காக ஆட அந்த நாட்டு பாஸ்போர்ட் வேணும். அதுக்கு மாசோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதணும். எழுதினார். ஃபெயில். ஆமாங்க, அரியர்! காத்துல ஆளை எறிஞ்சு பிடிக்கிறவருக்கு ஜெர்மன் இலக்கணம் பிடிபடலை. மறுபடி படிச்சுப் பாஸாகி, 2017 நவம்பர்லதான் குடியுரிமை கிடைச்சது. ஒலிம்பிக்குக்கு மூணே மாசம் இருந்தது.

நடுவுல அல்யோனாவுக்குக் கணுக்கால் தசைநார் கிழிஞ்சு 2016 கிராண்ட் ப்ரீ ஃபைனல் போச்சு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல ஒபெர்ஸ்ட்டார்ஃப்ங்கிற சின்ன ஊர்ல, அலெக்ஸாண்டர் கோனிக்ங்கிற புது கோச்கிட்ட எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புரூனோகூட ஆடுறப்போ அந்த த்ரோ ட்ரிபிள் ஆக்ஸெல் ஆசையை ஒரு கட்டத்துல கைவிட்டுட்டாங்க. சோச்சியில கீழே தள்ளின அதே வித்தை. அதுக்குப் பதிலா, இருக்கிறதை யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குச் சுத்தமா செய்யறதுன்னு முடிவு. கஷ்டமான கேள்விக்கு ஆசைப்பட்டு பாதி பதில் எழுதுறதைவிட, தெரிஞ்ச கேள்விக்கு சென்டம் வாங்குற டெக்னிக். நடனத்தை அமைக்க கிறிஸ்டோபர் டீன் வந்தார். 1984 ஒலிம்பிக்ல ஐஸ் டான்ஸ்ல வரலாறு படைச்ச பிரிட்டிஷ்காரர்.

2018 பிப்ரவரி 14. தென்கொரியா, பியோங்சாங் ஒலிம்பிக். நம்ம ஊர்ல எல்லாம் ரோஜாப்பூ விலை ஏறின நாள். பேர்ஸ்ல ரெண்டு நாள் ரெண்டு ஆட்டம். முதல் நாள் குட்டி ஆட்டம், மறுநாள் பெரிய ஆட்டம், ரெண்டையும் கூட்டினா ரிசல்ட்.

முதல் நாள் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒரே நேரத்துல தனித்தனியா குதிக்க வேண்டிய ட்ரிபிள் ஸால்கோ. அல்யோனா மூணு சுத்து சுத்திட்டு அழகா இறங்கினார். புரூனோ ரெண்டு சுத்தோட இறங்கிட்டார். அவ்வளவுதான். விழலை, முட்டி மோதலை, ஒரே ஒரு சுத்து குறைஞ்சது. ஸ்கோர் 76.59. நாலாவது இடம். முதல் இடத்துல சீனாவின் சூய் வென்ஜிங் - ஹான் சோங், 82.39. வித்தியாசம் 5.80. நீஸ்ல 0.11-ல ஜெயிச்ச ஆளுக்கு 5.80ங்கிறது எவ்வளவு பெரிய பள்ளம்னு புரியுதில்ல?

மார்க் வந்தப்போ அந்த ஆறடி மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! பதினாறு வருஷக் கனவு, நான் ஒருத்தன் வந்து கெடுத்துட்டேன்னு அந்த முகத்துல எழுதி ஒட்டியிருந்தது. அது உண்மையும்தான். தப்பு அவரோடது, சந்தேகமே இல்லை. இந்த ஒரு தடவை ஆட்டத்தைப் பார்த்தே யார் சொதப்பினாங்கன்னு ஊருக்கே தெரியும்.

அன்னிக்கு ராத்திரி அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் சினிமா வசனம் எழுதப் போறதில்லை. ஆனா ஒண்ணு நிச்சயம். மறுநாள் காலையில அல்யோனா அதே கையைப் பிடிச்சுட்டுத்தான் ஐஸ்ல இறங்கணும். அதே கைதான் அவங்களைத் தலைக்கு மேல தூக்கப் போகுது. அதே கைதான் காத்துல எறிஞ்சு பிடிக்கப் போகுது. ராத்திரி திட்டித் தீர்த்திருந்தா அந்தக் கை மறுநாள் நடுங்கும். நடுங்கினா விழப்போறது யாரு? வைவா முடிஞ்சு கேண்டீன்ல சட்டையைப் பிடிக்கலாம். இங்கே இன்னும் பாதி பரீட்சை பாக்கி இருக்கு.

இன்னொண்ணும் யோசிச்சுப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி சோச்சியில கடைசி நொடியில விழுந்தது அல்யோனா. அன்னிக்கு ராபினோட பதக்கமும் அவங்களோட சேர்ந்துதான் விழுந்தது. அவர் விழுந்தப்போ இவங்களோடதும்தான். சொதப்புறவங்க பக்கத்துலயும் நின்னிருக்காங்க, சொதப்பலைப் பார்க்கிறவங்க பக்கத்துலயும் நின்னிருக்காங்க. ரெண்டு பக்கமும் நின்ன ஆளுக்குக் கோபம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்னு தோணுது.

பிப்ரவரி 15. மியூசிக் ஆரம்பிச்சது. ட்விஸ்ட் எறிஞ்சார் பாருங்க, அல்யோனா அவர் தலைக்கு மேல எங்கேயோ போய் சுத்திட்டு, பூ மாதிரி கைக்கு வந்தாங்க. அடுத்து அதே ட்ரிபிள் ஸால்கோ. நேத்து சொதப்பின அதே குதி. மூச்சைப் பிடிச்சுட்டுப் பாருங்க... மூணு சுத்து, ரெண்டு பேரும், ஒரே நேரத்துல! அதுக்கப்புறம் நாலரை நிமிஷ ஆட்டமும் ஒரே இழுவையில வரைஞ்ச கோலம் மாதிரி போச்சு. ஒரு கோணல் இல்லை. முடிஞ்சதும் ரெண்டு பேரும் அப்படியே ஐஸ்ல சரிஞ்சாங்க.

159.31. உலக சாதனை. ரெண்டு மாசம் முன்னாடி ஜப்பான்ல நகோயாவுல தாங்களே வச்ச 157.25-ஐத் தாங்களே உடைச்சாங்க.

ஆனாலும் தங்கம் இன்னும் கையில இல்லை. பின்னால ஆட வேண்டியவங்க ஆடி முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்து பார்க்கணும். ஆடுறதைவிடக் கொடுமை அதுதான். சீன ஜோடி வந்தது. சின்னச் சின்னத் தடுமாற்றம், மத்தபடி பிரமாதம். கூட்டிப் பார்த்தா 235.47. அல்யோனா - புரூனோ 235.90.

0.43!

5.80 பள்ளத்தை ரொப்பி, மேலே 0.43 மண்ணும் போட்டாச்சு. அந்த ஆறடி மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். பேர்ஸ்ல ஜெர்மனி தங்கம் வாங்கி 66 வருஷம் ஆகியிருந்தது. 1952-ல ஆஸ்லோவுல வாங்கினதுக்கு அப்புறம் இதுதான். அதைக் கொடுத்தது ஒரு உக்ரைன் பொண்ணும், ஜெர்மன் பரீட்சையில ஃபெயிலான ஒரு பிரெஞ்சுப் பையனும்.

இதுல இன்னொரு குட்டித் தகவல். முதல் நாள் முடிவுல ரெண்டாவது இடத்துல இருந்த ரஷ்ய ஜோடி மறுநாள் சறுக்கி நாலாவது இடத்துக்குப் போனாங்க. அவங்களுக்குப் பயிற்சி கொடுத்த கோச்சுகள்ல ஒருத்தர் யார் தெரியுமா? ராபின் ஷோல்கோவி. அதே பழைய பார்ட்னர்.

ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க பல பேர், அதே வருஷம் நடக்கிற உலகப் போட்டிக்கு டாட்டா காட்டிடுவாங்க. கல்யாண விருந்து சாப்பிட்ட கையோட ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு யார் போவா? இவங்க போனாங்க. அடுத்த மாசமே மிலன் நகரத்துல 162.86, மறுபடி சாதனை. மொத்தம் 245.84. ரெண்டாவது வந்த ஜோடியைவிட 20 புள்ளிக்கு மேல அதிகம். அல்யோனாவுக்கு அது ஆறாவது உலகப் பட்டம், 11-வது உலகப் பதக்கம்.

அந்த சீசன் முடிஞ்சதும் ஸ்கேட்டிங் சங்கம் மார்க் போடுற அளவுகோலை மாத்திடுச்சு. பழைய சாதனைகளை எல்லாம் தனிப் பெட்டியில போட்டுப் பூட்டி, புதுசா முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சாங்க. அந்தப் பெட்டியில பேர்ஸ் பெரிய ஆட்டத்துக்கான பக்கத்தோட முதல் வரியில 162.86-னு எழுதி, ரெண்டு பேர் பேரும் இருக்கு. இனிமே அதை யாராலயும் அழிக்க முடியாது. மிலனுக்கு அப்புறம் அந்த ஜோடி போட்டி எதுலயும் இறங்கலை. 2019-ல அல்யோனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சரி, ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டிட்டாங்களாமே? போய்ப் பாருங்க, உங்க பேர் பக்கத்துல யார் பேர் இருக்குன்னு.